கலியாணப் பூச்சு

யதுர்சிகாவுக்கு அந்தப் பட்டனைக் கண்டாலே அருவருக்கும்.

மன்னார் பட்டினத்தில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த சிங்கராசாவின் ஸ்ரூடியோவில், இரண்டு கணினிகளிலும் அது இருந்தது. பெயர் ‘கலியாணம்’. எந்தப் பில்டருக்குப் பிறகு எந்த எபெக்ட் என்று சிங்கராசாவே ஒரு மழைக்காலத்தில் உட்கார்ந்து வரிசைப்படுத்திச் சேமித்து வைத்தது. ஒருதரம் அழுத்தினால் நாலு வேலை தானாக நடக்கும். முதலில் தோல் மழமழவென்று மெழுகப்படும். பிறகு நிறம் வெளுக்கும். அதற்குப் பிறகு உருவத்தைச் சுற்றி ஒரு வெளிச்சம் வரும். கடைசியில் மூலைகள் எல்லாம் இருண்டு, நடுவில் இருப்பது மட்டும் மினுங்கும்.

கலியாண அல்பத்துக்கென்று பிறந்த பட்டன், போகப்போக ஊரிலுள்ள எல்லாவற்றிலும் கை வைத்தது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, திருவிழா நோட்டீஸ், தேர்தல் போஸ்டர், அந்தோனியார், பிள்ளையார், முப்பத்தோராம் நாள் நினைவு மடல் என்று எல்லாரும் கலியாணம் முடித்துத்தான் அச்சுக்குப் போனார்கள். செத்தவர்களையும் சிங்கராசா விடவில்லை.

பேசாலையிலிருந்து லூர்தம்மா என்று ஒருவர், புருஷனுக்கு நினைவு மடல் அடிக்க வந்தார். அவருடைய புருஷன் யோசேப்பு நாற்பது வருஷம் வெயிலிலும் உப்பிலும் கிடந்து கடல்தொழில் செய்த மனிதர். அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் இருந்தது. அதைப் பார்த்து யதுர்சிகா இரண்டு நாள் மினக்கெட்டுக் கணினியில் கீறினாள். கடலைப் பார்த்துப் பார்த்துச் சுருங்கிப்போன கண்களையும், தூண்டில் கிழித்த கீழுதட்டையும் கொண்டுவந்துவிட்டாள். அவள் தண்ணீர் குடிக்க எழும்பிப் போன நேரம் சிங்கராசா வந்து பட்டனை அழுத்தினார். யோசேப்பு சவர்க்கார விளம்பரத்தில் வருகிற பெடியன் ஆனார்.

லூர்தம்மா மடலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இது ஆர் பிள்ளை?” என்று கேட்டார். பிறகு, மரியாதை கெடக்கூடாது என்று, “வடிவா இருக்கிறார்” என்று சொல்லி மடலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போனார். முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தின மனிசியே ஆரென்று கேட்டால் அது என்ன படம்? யதுர்சிகாவுக்குச் சீ என்று போய்விட்டது. கதிரையை விட்டு எழும்பிப் போய்க் கை கழுவினாள். கையில் ஊத்தை எதுவும் இருக்கவில்லை.

அவள் பில்டர்களை வெறுத்தவள் அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் அந்த வேலையைப் படித்தது அக்கரையில். பிறந்து ஆறு மாதத்தில், தொண்ணூறாம் ஆண்டு, தாயின் மடியில் படகேறி மண்டபம் முகாமுக்குப் போனவள். தாய் முகாமிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். தகப்பன் சீவரத்தினம் இந்தப் பக்கத்தில் வயல் செய்தவர். அந்தப் பக்கத்தில் வீடுகளுக்குப் பெயின்ற் அடித்து மகளை வளர்த்தார். மகள் இராமநாதபுரத்தில் பேனர் அடிக்கிற கடையில் வேலை பழகினாள். நிறத்தின் மேல் நிறம் ஏற்றுவது, மணல்போலத் தெரியப் புள்ளிப் பொடி தூவுவது, தூரத்தில் இருப்பதை மங்கவிடுவது எல்லாம் அங்கே வந்த பழக்கம். பில்டர் என்பது கறிக்கு உப்பு மாதிரி, இருப்பதே தெரியக்கூடாது என்பது அவள் கணக்கு. சிங்கராசாவின் கணக்கோ வேறு. உப்பிலேயே சோறு பிசைந்து சாப்பிடுகிற ஆள் அவர்.

சண்டை முடிந்து, இரண்டாயிரத்துப் பத்தில் தகப்பனும் மகளும் திரும்பி வந்தார்கள். பெரியமடுப் பக்கம் இருந்த தங்கள் காணியில் சீவரத்தினம் தறப்பாள் விரிப்பைக் கூரையாக இழுத்துக் கட்டிக் கொட்டில் ஒன்று போட்டுக்கொண்டு காடு வெட்டத் தொடங்கினார். மகள் மன்னாரில் ஓர் அறை எடுத்து ஸ்ரூடியோ வேலைக்குப் போனாள். மாதத்துக்கு ஒரு ஞாயிறு கடல்மேல் போகிற தாம்போதி கடந்து, பஸ் மாறி, தகப்பனைப் பார்த்துவிட்டு வருவாள்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து ரொபின்சன் என்ற திட்ட அதிகாரி ஸ்ரூடியோவுக்கு வந்தார். மீள்குடியேறின ஊர்களுக்கு வெடிபொருள் எச்சரிக்கைப் போஸ்டர் வேண்டும், மூவாயிரம் பிரதி. மிதிவெடி, சனம் ‘செல்’ என்று சொல்கிற எறிகணை, கைக்குண்டு எல்லாம் எப்படி இருக்கும் என்று சனத்துக்குக் காட்ட வேண்டும். கீழே ‘தொடாதீர்கள், சொல்லுங்கள்’ என்ற வாசகமும் ஒரு தொலைபேசி இலக்கமும்.

இந்த வேலைக்கு யதுர்சிகா உயிரைக் கொடுத்தாள். முசலியிலிருந்து வந்து கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஜெனிஸ்ரா, அவளுடைய அறைத் தோழி. “புதுசாக் கீறாதை யது,” என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். “புதுசை ஆரும் காணப்போறேல்லை. மூண்டு நாலு மாரி மழையில ஊறின சாமான் எப்பிடி இருக்கும் எண்டு கீறு. பாதி மண்ணுக்குள்ள, கறள் புடிச்சு, சருகு ஒட்டிக்கொண்டு கிடக்கும்.” தன் போனில் இருந்த படங்களையும் காட்டினாள்.

யதுர்சிகா ஸ்ரூடியோவின் பின்பக்கம் கழுதைகள் உரசிக்கொண்டு நிற்கிற பழைய தகர வேலியைப் படம் எடுத்து, அந்தத் துருக்கறளை அப்படியே எறிகணையின் மேல் ஒரு லேயராக, மெல்லிய தாள்போல விரித்தாள். பச்சை நிறத்தைப் பாதிக்கு மேல் கொன்றாள். மண்பொடி தூவினாள். வெளிச்சம் படுகிற இடங்களைத் தேடித்தேடி அணைத்தாள். இரண்டு கிழமை வேலை. கடைசியில் பார்த்தால், படத்தில் எது சருகு, எது இரும்பு என்று ஒரு கணம் தடுமாற வேண்டியிருந்தது. தடுமாறத்தான் வேண்டும், நிலத்திலும் அப்படித்தான் கிடக்கும்.

ரொபின்சன் வந்து திரையைப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

“என்ன தங்கச்சி இது, ஊத்தையாக் கிடக்கு? வெளிநாட்டிலயிருந்து காசு தாற ஆக்கள் வந்து பாக்கப்போகினம். சின்னப் பிள்ளையளும் பாக்கிற படம். கொஞ்சம் கலரா, சந்தோசமா இருக்க வேணும்.”

“சேர், இது சந்தோசமான சாமான் இல்லையே.”

சிங்கராசா குறுக்கே விழுந்தார். “அவள் பிள்ளைக்கு விளங்கேல்லை சேர். இன்னும் பினிஷிங் குடுக்கேல்லைத்தானே. பின்னேரம் வாங்கோ, எடுத்து வைக்கிறம்.”

அன்று பின்னேரம் அந்தப் பட்டனை அழுத்தியது சிங்கராசா இல்லை. யதுர்சிகாதான். யாரும் அவள் கையைப் பிடித்து அழுத்தவில்லை. போஸ்டரின் அடியில் ‘ஓவியம்: யதுர்சிகா சீவரத்தினம்’ என்று போட ரொபின்சன் சம்மதித்திருந்தார். அவள் பெயர் அதுவரை அச்சில் வந்ததே இல்லை. மாட்டேன் என்று நின்றால் சிங்கராசா அழுத்திவிடுவார், பெயரும் போய்விடும். அழுத்தினாள். கறள் கரைந்து போனது. சருகு மறைந்தது. எறிகணை இளம்பச்சையில், வால் இறகுகள் வெள்ளிபோல மின்ன, சுற்றிலும் நிலா வெளிச்சத்தோடு மாப்பிள்ளை மாதிரி நின்றது.

அருவருப்பான உண்மை என்னவென்றால், அது வடிவாக இருந்தது. ஒரு நிமிஷம் அவளே மயங்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெனிஸ்ரா அப்போது லீவில் வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் படம் அச்சுக்குப் போய், பளபளக்கிற பிளாஸ்ரிக் ஒட்டி, லொறியில் ஏறிவிட்டது. அச்சில் வந்ததைக் கண்ட ஜெனிஸ்ரா அதைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இரண்டு நாள் அவளோடு கதைக்கவும் இல்லை. யதுர்சிகாவும் தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டாள். உருவம் சரிதானே, நிறம்தானே கொஞ்சம் மாறியிருக்கு என்று.

போதாததற்கு, ஒரு பிரதியைச் சுருட்டிக்கொண்டு போய்த் தகப்பனிடமும் கொடுத்தாள்.

சீவரத்தினம் அதை விரித்துப் பார்த்து வாயெல்லாம் பல்லானார். மகளுடைய பெயரை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். கொட்டிலைத் தாங்கிய நடுக்காலில் பலகை ஒன்று அறைந்து, அதில் நாலு மூலையும் ஆணி அடித்து மாட்டினார். வழியால் போனவர்களை எல்லாம் மறித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். “பிள்ளை கீறினது. எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் தொங்குது,” என்று ஊர் முழுக்க ஒரே புழுகம்.

இரண்டு மாதம் கழித்து, கச்சான் காற்று வீசுகிற காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை யதுர்சிகா வந்தாள். தகப்பன் வெளியில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். உள்ளே போகக் குனிந்தவள், தலையில் ஏதோ இடிபடப் பார்த்ததால் விலகினாள்.

வாசல் பக்கத்துத் தறப்பாளின் நுனியில் ஒரு கயிறு. கயிற்றில் ஒரு பாரம் தொங்கிக்கொண்டிருந்தது. மண்ணிறம். முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. மேலெல்லாம் கறள் பொருக்கு வெடித்திருந்தது. ஒரு பக்கம் காய்ந்த சருகு ஒட்டியிருந்தது. வாலில் இறகுகள், ஒன்று ஒடிந்திருந்தது. காற்றுக்கு அது மெதுவாக ஆடி ஆடி நடுக்காலை நோக்கிப் போய் வந்தது. அந்தக் காலில்தான் போஸ்டர் இருந்தது.

இந்தச் சாமானை அவளுக்குத் தெரியும். இதே கறளைத்தான் அவள் இரண்டு கிழமை இருந்து தீட்டினாள். இதே சருகைத்தான் வைத்தாள். பிறகு ஒரு பட்டனை அழுத்தி எல்லாவற்றையும் துடைத்து எறிந்தாள்.

“அப்பா,” என்றாள். “அப்பா, அடுப்பை விட்டிட்டு எழும்பி வாங்கோ. மெதுவா. ரோட்டுக்கு வாங்கோ.”

“ஏன் பிள்ளை? தேத்தண்ணி கொதிக்குது.”

“வாங்கோ எண்டு சொல்லுறனெல்லே!”

ரோட்டில், நூறு மீற்றர் தள்ளி ஒரு பாலை மரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் நிறுத்திவிட்டுத்தான் கேட்டாள். “தறப்பாளில கட்டியிருக்கிறியளே, அதை எங்க எடுத்தனீங்கள்?”

“அதுவோ? வாய்க்கால் வெட்டேக்க கிடந்தது. காத்துக்குத் தறப்பாள் தூக்குது, நல்ல பாரமா இருந்துது, கட்டினனான்.”

“அது செல் அப்பா!”

சீவரத்தினம் சிரித்தார். பிள்ளை பயந்துவிட்டது என்று அவருக்குப் பாவமாக இருந்தது. “செல்லோ? எனக்கென்ன விசரே, பாக்காமல் எடுக்க? கொண்டுவந்து வெளியில வச்சிட்டு, உள்ள போய் நீ கீறின படத்தோட ஒண்டுக்கு ரெண்டு தரம் ஒத்துப் பாத்தனான். அது பச்சைப் பசேலெண்டு, வெள்ளி வாலோட மினுங்குது. இது கறள் புடிச்ச உலக்கைத் துண்டு. ஒரு பொருத்தமும் இல்லை. பிறகுதான் கட்டினனான்.” சமாதானம் சொல்வதுபோலச் சொன்னார்: “நீ கீறினது பிழைக்குமே பிள்ளை?”

யதுர்சிகா பாலை மரத்தைப் பிடித்துக்கொண்டு ஓங்காளித்தாள். காலையில் சாப்பிட்ட பாண் முழுக்க வெளியே வந்தது. தகப்பன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். அந்தக் கை அவளுக்குப் பொறுக்கவில்லை. அதே கைதான் அந்த இரும்பை வாய்க்காலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது, அதன் கழுத்தில் கயிறு போட்டு இறுக்கி முடிச்சும் போட்டது.

ஜெனிஸ்ராவுக்குப் போன் எடுத்தாள். அவளும் வெடி அகற்றுகிற குழுவும் வர இரண்டு மணித்தியாலம் ஆனது. சிவப்பு நாடா கட்டி, அக்கம்பக்கத்துச் சனத்தை எல்லாம் ஒதுக்கினார்கள். கவசமும் முகமூடியும் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த ஜெனிஸ்ரா, சீவரத்தினத்துக்கு முன்னால் நின்று, “ஐயா, இதை அவிழ்க்கவும் ஏலாது, அசைக்கவும் ஏலாது. இருக்கிற இடத்திலயே வெடிக்க வைக்க வேணும்,” என்றாள்.

“அப்ப கொட்டில்?”

ஜெனிஸ்ரா சிவப்பு நாடாவை இன்னும் பின்னுக்கு இழுத்துக் கட்டினாள். தோழியின் பக்கம் திரும்பவும் இல்லை.

விதைநெல் ஒரு மூடை, முகாம் அட்டை, செத்துப்போன மனைவியின் ஒரே ஒரு படம் எல்லாம் உள்ளேதான் இருந்தன. எடுத்துவர ஒருவரையும் விடவில்லை. மண்மூடைகளை அடுக்கினார்கள். பின்னேரம் நாலரைக்கு வெடித்தது. பாலை மரத்திலிருந்து காகங்கள் கிளம்பின. புகை போன பிறகு பார்த்தால், தறப்பாள் கிழிசல்கள் முள்வேலியில் தொங்கின. நடுக்கால் இல்லை.

“தறப்பாள்தானே, வேற தருவாங்கள்,” என்றார் சீவரத்தினம். பிறகு ரோட்டோரத்தில் குந்திக்கொண்டார். கைகளை விரித்து வைத்துப் பார்த்தபடியே இருந்தார்.

மறுநாள் யதுர்சிகா ரொபின்சனின் கந்தோருக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். போஸ்டர்களைக் கழற்ற வேண்டும், வேறு அடிக்க வேண்டும் என்றாள். ரொபின்சன் நல்ல மனிதர்தான். உண்மையிலேயே பதறினார், “அப்பாவுக்கு ஒண்டுமில்லைத்தானே?” என்று மூன்று தரம் கேட்டார். ஆனால் அறிக்கை போய்விட்டதாம். படத்தின் நிறங்களை வெளிநாட்டுக்காரர்கள் தனியாகப் பாராட்டி எழுதியிருக்கிறார்களாம். அடுத்த வருஷத்துத் திட்டத்தில் பார்ப்போமாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒரு மென்பானம் வரவழைத்துக் கொடுத்தார். அவள் தொடவில்லை.

ஸ்ரூடியோவில் சிங்கராசா அதையும் மிஞ்சினார். “வெடிச்சது வெடிச்சுப்போச்சு. ஆருக்கும் காயமில்லைத்தானே? இஞ்ச பார் பிள்ளை, வடிவா இல்லாட்டி ஒருத்தரும் படத்தைப் பாக்காயினம்.”

“பாத்தவை அண்ணை. என்ர அப்பாவும் பாத்தவர். நல்லா வடிவாப் பாத்துத்தான் அதை எடுத்து வாசலில கட்டினவர்.”

கணினியைத் திறந்தாள். அவளுடைய பழைய லேயர்கள் எல்லாம் கலியாணத்துக்கு அடியில் பத்திரமாகக் கிடந்தன. மேலே இருந்ததை அணைத்தாள். கறளும் சருகும் மண்ணும் ஒரே நொடியில் திரும்பி வந்தன. திரையில் எவ்வளவு சுகம்! மூவாயிரம் கடதாசி, மூவாயிரம் சுவரில், பிளாஸ்ரிக் உறையோடு மினுங்கிக்கொண்டிருக்கிறது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். தன்னைத் தானே காறித் துப்ப முடியுமென்றால் துப்பியிருப்பாள். இரண்டு கிழமை லீவு என்று சொன்னாள், அனுமதி கேட்கவில்லை. கணினியை மூடிவிட்டு நடந்தாள்.

என்ன செய்வதென்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. போஸ்டரின் மேல் சேறு பூசலாமா, பெயின்ற் அடிக்கலாமா என்று தகப்பனிடம் கேட்டாள். சீவரத்தினம் அப்போது அயலவர் ஒருவருடைய கொட்டிலில் இருந்தார். பெயின்ற் என்றதும் நிமிர்ந்தார்.

“பிளாஸ்ரிக்கில சேறு நிக்காது பிள்ளை. பெயின்ரும் நிக்காது. மினுக்கத்தை முதல்ல உப்புத்தாளால உரசி எடுக்க வேணும். பிறகுதான் நிறம் பிடிக்கும்.” இந்தியாவில் இருபது வருஷம் செய்த வேலை. மகளைப் பார்த்துக் கேட்டார்: “என்ன நிறம் வேணும்?”

“நீங்கள் தூக்கினதின்ர நிறம்.”

கறள் நிறத்தை அவரே கலந்தார். சிவப்பும் கறுப்பும் கொஞ்சம் மஞ்சளும். சரியாக வரும்வரை மூன்று தரம் கொட்டிக் கலந்தார். தொட்டுத் தூக்கின ஆளுக்குத் தெரியாத நிறமா?

முதலில் போனது பக்கத்துப் பள்ளிக்கூடம். பாதிக் கூரை போட்டிருந்தது. போஸ்டர் சமையல் கொட்டிலுக்கு எதிரே, எல்லாரும் பார்க்கிற சுவரில். தகப்பன் உப்புத்தாளால் உரசினார். நிலா வெளிச்சம் தூசியாகக் கொட்டியது. மகள் கறள் வைத்தாள், சருகு வைத்தாள், ஓர் இறகை ஒடித்தாள். கடைசியில் கீழே இருந்த தன் பெயரையும் மண்ணிறத்தால் மூடினாள்.

அதிபர் ஓடி வந்தார். “என்ன செய்யிறியள்? வடிவான படத்தைப் பழுதாக்கிப் போட்டியளே!”

சீவரத்தினம் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு விளக்கம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சமையல் கொட்டிலிலிருந்து மங்கையற்கரசி வெளியே வந்தார். பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைக்கிறவர். இரண்டு மாதமாகத் தினமும் அந்தச் சுவருக்கு முன்னால்தான் அரிசி கழுவிக்கொண்டிருந்தார். கையில் இருந்த அகப்பையோடு போஸ்டருக்குக் கிட்டப் போய் நின்றார்.

“இதுவோ செல்?” என்றார். “இப்பிடியோ இருக்கும்?”

சீவரத்தினம் தலையாட்டினார். மங்கையற்கரசியின் முகம் வெளிறிக்கொண்டு வந்தது.

“இது எங்கட மாட்டுப் பட்டியிலயெல்லே கிடக்கு. படலை சாத்தினா, காத்துக்குத் திறக்காமல் இருக்க அதைத்தான் அண்டையா உருட்டி வைக்கிறனாங்கள்.”

யதுர்சிகா பிரஷைப் போட்டுவிட்டு, கறள் பூசின கையோடு ஜெனிஸ்ராவின் இலக்கத்தை அழுத்தினாள்.